பன்னிரண்டு வாங்கிய வாத்தியார்

திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் தன் பெயருக்கு நேரே பன்னிரண்டு என்று எழுதியிருந்ததைப் பார்த்த செல்லதுரை, அது தன் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கை என்றுதான் முதலில் நினைத்தார். மேலே கணக்கு வாத்தியார் ஆண்டவருக்கு எண்பத்தெட்டு போட்டிருந்தது. ஆண்டவர் வகுப்பில் அத்தனை பேரே கிடையாது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. தனக்குக் கிடைத்திருப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு.

செல்லதுரை ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துபவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தன் பசியே மறந்துபோகிறவர். பள்ளியின் தாளாளர் குருநாதனுக்கு இந்தப் பள்ளியோடு ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகளும் இருந்தன. இரண்டிலும் காய்ப்பு எவ்வளவு என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அவர் கைப்பட்டைகளை வரவழைத்திருந்தார்.

பார்ப்பதற்கு வாட்ச் மாதிரி இருக்கும். இங்கிலீஷில் பேண்ட். பிள்ளைகள் கையில் கட்டிவிட்டால் நாடித்துடிப்பையும் கை வியர்வையையும் அளந்து, மனசு பாடத்தில் இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டரில் ஒரு கோடாகவும் ஓர் எண்ணாகவும் காட்டிவிடும். இதைக் காலைக் கூட்டத்தில் அறிவித்த தாளாளர், இனிமேல் பள்ளி நேரத்தில் யாரும் எக்காரணம் கொண்டும் பேண்டைக் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல, பிள்ளைகள் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கருவிகளைப் பொருத்த வந்த திருச்சி கம்பெனிப் பெண் பூவிழி, ஆசிரியர்களை உட்காரவைத்து விளக்கத்தான் செய்தாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. தாளாளர் அவளைச் சாப்பிட அழைத்துப் போனார். கரண்ட் வந்தபோது அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியெல்லாம் இதில் இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது தொலைந்துவிடக் கூடாதென்று தாளாளர் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆசிரியர்களிடம் மிஞ்சியது சைபரிலிருந்து நூறு வரைக்கும் ஏறி இறங்குகிற ஒரு கோடு மட்டும்தான். ஆனால், நூறு நல்லதா கெட்டதா என்று பள்ளிக்கூடத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாளாளர் செல்லதுரையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சுத்துப்பட்டு ஸ்கூல்காரங்க எல்லாம் பாக்க வராங்க சார். அம்பதாவது வரணும். வரலைன்னா பிளஸ் டூவுக்கு டிவியில பாடத்தைப் போட்டுக்கிறேன். நீங்க லைப்ரரியப் பாத்துக்குங்க."

லைப்ரரி என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அலமாரி. அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் செல்லதுரை ஓர் உபரிக் கைப்பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி பரிமளா முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். பகல் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. ஒரே மகள் நந்தினி பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே பரிசோதனைக்கு அந்த வீட்டில் பரிமளாவை விட்டால் ஆள் கிடையாது.

"என்னங்க இது, காப்புக் கட்டுற மாதிரி கட்டுறீங்க?" என்றாள் அவள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"நான் பாடம் நடத்துறேன். நீ கேட்டாப் போதும்."

ஒரு டம்ளர் தண்ணீரில் கரண்டியைச் சாய்த்து வைத்து, அது ஏன் ஒடிந்ததுபோலத் தெரிகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். போனில் அவளுடைய கோடு கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு, படிப்படியாக இறங்கி ஒன்பதில் போய்ப் படுத்துக்கொண்டது. செல்லதுரைக்கு முகம் சுண்டிவிட்டது. பிள்ளைகளாவது பன்னிரண்டு போட்டார்கள்.

"தூங்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"இது அப்படிச் சொல்லலையே."

"அப்ப அதுக்கே நடத்துங்க" என்றாள் பரிமளா.

அந்த நேரம் பார்த்து அடுப்பிலிருந்த குக்கர் வீறிட்டது. அவள் திடுக்கிட்டு எழுந்து ஓடினாள். கோடு விருட்டென்று எழுபதுக்கு ஏறியது. செல்லதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடைக்க வழியா இல்லை?

மறுநாள் வகுப்புக்குப் போகும்போது குக்கர் விசிலைப் போனில் பதிவு செய்துகொண்டு போனார். முக்கியமான ஒவ்வொரு வரிக்கும் ஒரு விசில். முதல் விசிலுக்கு முன் பெஞ்சுப் பெண்கள் துள்ளி விழுந்தார்கள். எண் நாற்பத்தைந்தைத் தொட்டது. மூன்றாவது விசிலில் கடைசி பெஞ்சிலிருந்து, "சார், இறக்கிடலாம்" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த விசிலுக்கு, எங்கேயோ அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பள்ளி ஆயா மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆண்டவரும் வந்தார். வாசலில் நின்று ஒரு பார்வைதான் பார்த்தார். எண் அறுபதுக்குப் போனது. ஆண்டவருடைய திறமை அது என்று செல்லதுரை மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

விசிலுக்குத் தாளாளர் தடை போட்டார்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு வேறொரு பாடம். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பொருள் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டுவதற்குச் சின்னதாக ஏதாவது வேண்டுமென்று தேடியவர், பரிமளாவின் கம்மலைக் கழற்றித் தரச் சொன்னார். அதுவரை எட்டில் கிடந்த கோடு எண்பத்து நான்குக்குப் பாய்ந்தது.

"இது எங்கப்பா போட்டது. தண்ணியிலயெல்லாம் போட முடியாது" என்றாள் பரிமளா.

செல்லதுரைக்குக் கம்மல் வேண்டியிருக்கவில்லை. எண்பத்து நான்கு கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் ஆய்வகத்தில் சிந்தாமணி என்கிற மாணவியின் கம்மலை வாங்கிக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் போட்டார். வகுப்பே சுற்றி வந்து எட்டிப் பார்த்தது. எண் முப்பதைத் தாண்டியது. செல்லதுரைக்கு உற்சாகம் பீறிட்டது. அந்த உற்சாகத்திலேயே அடுத்த பரிசோதனைக்காகக் குடுவையைக் கழுவு தொட்டியில் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் போயிற்று. கம்மலும் கூடவே போயிற்று.

சிந்தாமணி அழ ஆரம்பித்தாள். பிள்ளைகள் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். செல்லதுரை தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் குழாயைத் திருகினார். அந்தச் சமயம் தாளாளர் போனைக் கையில் பிடித்தபடி சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். கைப்பட்டை வந்த நாளிலிருந்து எந்த வகுப்பும் வாங்காத எண் அவர் போனில் தெரிந்தது. தொண்ணூற்றொன்று. வாத்தியாருக்குக் கை கொடுக்கலாமென்று வந்தவருக்கு வாத்தியாரின் கால்கள்தான் தெரிந்தன.

கம்மல் கிடைத்துவிட்டது, கறுப்புச் சேற்றுக்குள்ளிருந்து. செல்லதுரை அதை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். சாயங்காலம் சிந்தாமணியின் அம்மா வந்து பேசியதையும் நின்று கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தபிறகு தாளாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நகை நட்டெல்லாம் வேண்டாம் சார். ஆனா அந்தத் தொண்ணூத்தொண்ணு வேணும்" என்றார்.

இந்த இடத்தில் செல்லதுரை நிறுத்தியிருக்கலாம். ஆனால் எண் ஏறி ருசி கண்டுவிட்டவரால் அது முடியவில்லை. சட்டையெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தவர், குளித்துவிட்டு மறுபடியும் பரிமளாவின் கையில் பட்டையைக் கட்டினார். அவள் அலுப்போடு ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, நடத்துங்க என்று எதிரில் உட்கார்ந்தாள். கோடு வழக்கம்போல இறங்கத் தொடங்கியது. ஏழு. ஆறு.

"அனுசுயா டீச்சர் சொன்னாங்க, பாடத்தைக் கதை மாதிரி சொல்லணுமாம்" என்றார் செல்லதுரை, பேச்சோடு பேச்சாக.

கோடு தொண்ணூற்றாறில் போய் நின்றது.

அனுசுயா அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. நல்ல மாதிரி. சேற்றைத் துடைத்துக்கொள்ள அன்று மதியம் அவர்தான் ஒரு துண்டு கொடுத்தார். செல்லதுரை அதைச் சொன்னார். கோடு இறங்கவில்லை. தன்னுடைய குரல் காதுக்கு இதமாக இருப்பதாக அனுசுயா டீச்சர் சொன்னதாகச் சொன்னார். கோடு இன்னும் ஒரு புள்ளி ஏறியது. போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் சொல்லிக்கொண்டே போனார். சொல்வதற்கு உண்மைகள் தீர்ந்துபோன பிறகு ஒன்றிரண்டைத் தானாகவே சேர்த்தார். மழை பெய்த அன்று டீச்சர் தன்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார் என்றார். போனில் நூறு தெரிந்தது.

"பரிமளா, நூறு" என்று நிமிர்ந்தார்.

எதிரில் யாரும் இல்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

காலையில் கண் விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. கைப்பட்டை ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. போன் செய்தால் பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. "நந்தினியைப் பாக்கப் போறேன். மாவு உள்ள இருக்கு. ஊத்தித் தின்னுங்க."

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. செல்லதுரை மூன்று தோசை வார்த்தார். மூன்றும் கல்லோடு போயின. சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைப் பாடத்தை எதிரிலிருந்த நாற்காலிக்குச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிட்டது. பரிமளாவிடம் சொல்லும்போது வார்த்தை தன்னால் வருமே என்று யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பாடத்தையும் அவளிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்காமல் அவர் வகுப்புக்குப் போனதில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், போய் வேலையைப் பாருங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த வாரம் முழுவதும் எதிரிலேயே இருந்த அந்த முகத்தைத் தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தார். போனைப் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து பெரம்பலூர் போனார். ஹாஸ்டல் வாசலில் மரத்தடி பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் நந்தினி, துணி காயப்போட வேண்டுமென்று நாசூக்காக எழுந்து போய்விட்டாள்.

செல்லதுரை சுற்றி வளைக்கவில்லை. கோடு ஏறுவதற்காகப் பேசிய பேச்சு அது என்று முதலிலிருந்து சொன்னார். பரிமளா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஸ்கூட்டர்?"

"அவங்ககிட்ட ஸ்கூட்டரே இல்ல."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"கோடு இறங்கிடுமேன்னு."

பரிமளா கோபமாகத்தான் இருக்க வேண்டுமென்று பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "கேக்குறியான்னு என்னையக் கேக்க மாட்டேங்கிறீங்க. கையில கட்டுன அதையில்ல கேக்குறீங்க."

செல்லதுரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எதிரே உட்காராவிட்டால் எனக்குப் பாடமே வரவில்லை என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. நன்றி என்ற வார்த்தையை அதில் சேர்க்க அவருக்குத் தெரியவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் பரிமளா, பக்கத்தில் அவர். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது.

"அந்தக் காப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"கட்டுங்க. வெள்ளிக்கிழமைப் பாடத்தைச் சொல்லிப் பாக்க வேண்டாமா?"

கட்டினார். போனை மட்டும் வெளியே எடுக்கவில்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் காற்று அதன் ஒளியை வளைத்துக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் நமக்குக் காட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி, அங்கே தெரிந்த சூரியனையே காட்டிச் சொன்னார். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அரியலூர் வந்ததே இருவருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து இறக்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் இப்படியே நடத்துங்க. அதப் பாக்காதீங்க" என்றாள் பரிமளா.

"பன்னிரண்டுதான் வரும்."

"வரட்டும்."

வெள்ளிக்கிழமை அக்கம்பக்கத்துப் பள்ளி நிர்வாகிகள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சுவரில் பெரிய டிவியில் கோடு ஓடியது. ஆண்டவர் வகுப்பில் சாக்பீஸை எடுத்ததுமே எண்பது, ஒரு பையனை எழுந்து நிற்கச் சொன்னதும் தொண்ணூற்று நான்கு. நிர்வாகிகள் கை தட்டினார்கள். அனுசுயா டீச்சருக்கு அறுபது. அடுத்தது செல்லதுரை.

அவர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சன்னமான குரலில், மறைந்துபோன சூரியனை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று தொடங்கினார். முன்பெஞ்சில் யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. டிவியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இருபது. பதினொன்று. ஏழு. தாளாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. ஆறு என்ற எண் டிவியில் அசையாமல் நின்றது.

தாளாளர் விருந்தினர்களிடம், இவர் நல்ல மனுஷர், வேறு வேலை கொடுக்கப் போகிறோம் என்று சொல்லி அவர்களை டிபனுக்கு அழைத்துப் போனார். செல்லதுரை பலகையைத் துடைத்தார். வருத்தம் இருந்தது. ஆனாலும் பாடம் தான் நினைத்தபடி வந்துவிட்டது என்கிற நிறைவும் கூடவே இருந்தது. வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல ஆள் இருக்கிறது. அது போதுமென்று அவருக்குத் தோன்றியது.

ஆசிரியர் அறையில் பூவிழி அப்போதுதான் வந்து லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள். திருச்சி பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வகுப்பு எதையும் அவள் பார்க்கவில்லை. செல்லதுரை சட்டைப் பையிலிருந்த கைப்பட்டையை அவளிடம் நீட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனது தப்புதான், அதில் பதிவாகியிருப்பதை யாரும் பார்க்குமுன் அழித்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் அதை லேப்டாப்பில் சொருகினாள். பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தாள்.

"யாருங்க சார் இது?"

"எங்க வூட்டுல. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாவம், நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேலை. களைப்புல தூங்கியிருப்பாங்க."

"தூங்கினா கோடே வராதுங்க சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தாங்க?"

"பஸ்ஸுல. என் பக்கத்துல."

பூவிழி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்த நம்பர் படபடப்போட அளவுங்க சார், அது குறையக் குறையத்தான் கவனம், அன்னிக்கு இவங்க ரெண்டுக்கு இறங்கியிருக்காங்க, ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் இப்படிக் கேட்டு நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."